மடிக்கணினியின் இரைச்சல்: அளந்து பார்த்த கதை

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றில், மூன்றாம் மாடியில் நாங்கள் குடியிருக்கிறோம். கரையோர ரயில் பாதைக்கும் எங்கள் வீட்டுக்கும் இடையே இரண்டு கட்டடங்கள் மாத்திரமே இருப்பதால், இரைச்சல் எங்களுக்குப் புதிய விடயமல்ல. இருந்தும் கடந்த ஏப்ரல் மாதத்தின் தொடக்கத்தில், சூரியன் இலங்கைக்கு நேர் மேலே வந்து நிற்கும் அந்த நாட்களில் ஒரு பிற்பகல், அம்மா குசினியிலிருந்து வந்து வாசலில் நின்று, "பிள்ளை, உது என்ன இரைச்சல்? கடலோ, உன்ர மெசினோ?" என்று கேட்டார். என்னுடைய மடிக்கணினிதான். நான் அப்போது எதையும் செய்துகொண்டிருக்கவில்லை. ஒரு சொல்லுக்குச் சரியான தமிழ் என்னவென்று யோசித்தபடி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யோசித்தது நான், மூச்சு வாங்கியது கணினி.

மொழிபெயர்ப்பு என் தொழில். ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் வரும் ஆவணங்களைத் தமிழாக்குகிறேன். பழைய பாமினி எழுத்துருவில் இருக்கும் கோப்புகளை யுனிகோடுக்கு மாற்றுவதும், ஸ்கேன் செய்யப்பட்ட வர்த்தமானிப் (அரசிதழ்) பக்கங்களை எழுத்துணரி மென்பொருளில் இட்டு எழுத்தாக எடுப்பதும் அந்தத் தொழிலின் அன்றாடப் பகுதிகள். கணினி 2018இல் வாங்கியது. அதன் மூளையாக இருப்பது இன்டெல் கோர் ஐ5-8250யூ என்ற புரோசசர், கூடவே 8 ஜிபி நினைவகம். முதலில் இருந்த ஹார்ட் டிஸ்க்கை மாற்றி, சுழலும் தட்டில்லாத, வேகமான சேமிப்பகமான ஓர் எஸ்எஸ்டியை ஏற்கெனவே பொருத்தியிருந்தேன். அந்த மாற்றத்துக்குப் பின் சில ஆண்டுகள் அது நன்றாகவே ஓடியது. பின்னர் மெல்ல மெல்லத் தளர்ந்தது. மெல்ல வரும் தளர்ச்சியின் சிக்கல் என்னவென்றால், நாம் அதற்குப் பழகிவிடுகிறோம். வேர்ட் கோப்பு திறப்பதற்குள் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்துவிடலாம் என்பதை ஒரு வசதியாகவே நான் எண்ணத் தொடங்கியிருந்தேன்.

தங்கையின் மகன் உயர்தரம் படிக்கிறான். அவனிடம் சொன்னபோது, "ஃபோர்மட் அடிச்சாச் சரி பெரியம்மா" என்றான். எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவது: இந்த நாட்டில் கணினிக்கு எந்த நோய் வந்தாலும் முதலில் எழுதப்படும் மருந்துச்சீட்டு அதுதான். அடுத்து ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். அங்கே நின்ற இளைஞர் கணினியைத் திறக்காமலே, சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு, "இது பழைய மொடல் அக்கா, இதுக்கு இனிக் காசு செலவழிக்காதீங்க. விண்டோஸ் 11உம் போட ஏலாது" என்றார். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது என்பது உண்மையே. ஆனால் என்னுடைய புரோசசர் எட்டாம் தலைமுறையைச் சேர்ந்தது; விண்டோஸ் 11 ஏற்கும் இன்டெல் புரோசசர்களின் பட்டியல் ஏறத்தாழ அங்கிருந்துதான் தொடங்குகிறது. அந்தக் கணினியில் அப்போதே விண்டோஸ் 11தான் ஓடிக்கொண்டிருந்தது. திரையைத் திறந்து காட்டலாமா என்று யோசித்தேன். பிறகு, விற்பனைக்கு நிற்பவரிடம் மருத்துவம் கேட்டது என் பிழை என்று நினைத்து, கணினியைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பயனுள்ள ஆலோசனை கிடைத்த இடம் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா. கணினிக்கடைகள் அடுக்கடுக்காக இருக்கும் அந்தக் கட்டடத்தின் ஒரு மூலையில், மேசையும் விளக்கும் மாத்திரம் வைத்துக்கொண்டு திருத்தும் ஒரு நானா இருக்கிறார். அவர் விசிறிச் சத்தத்தைக் கேட்டார், பக்கத்துத் துளையில் கையை வைத்துப் பார்த்தார், "சத்தம் போடுது, ஆனா காத்து வரல்ல. ஃபேன்ட பிழை இல்ல தங்கச்சி, சூடு போக வழி இல்ல" என்றார். உடனே செய்து தரட்டுமா என்றும் கேட்டார். அன்று மாலை ஒரு மொழிபெயர்ப்பை ஒப்படைக்க வேண்டியிருந்ததால் கணினியை விட்டுவிட்டு வர முடியவில்லை. வீடு திரும்பும் வழியில், அவர் சொன்ன ஒரு வரியை நானே சோதித்துப் பார்த்தால் என்ன என்ற எண்ணம் வந்தது.

மெதுவாக இயங்குவது ஒரு முறைப்பாடு. இரைச்சல் இன்னொரு முறைப்பாடு. இரண்டும் ஒரே காரணத்தால் வரலாம், தனித்தனிக் காரணங்களாலும் வரலாம். என்னுடன் வேலை செய்யும் ஒருவரின் கணினி விசிறிச் சத்தமே இல்லாமல் ஆமை வேகத்தில் ஓடியது. பார்த்தால், புரோசசர் 0.4 கிகாஹேர்ட்ஸில் கட்டிப்போடப்பட்டிருந்தது. பயணத்தின்போது இரவல் வாங்கிய சார்ஜரைக் கணினி அடையாளம் காணாததால், மின்சாரம் போதாது என்று எண்ணி அது தன்னைத்தானே ஒடுக்கிக்கொண்டிருந்தது. சொந்த சார்ஜரைச் செருகியவுடன் சரியாகிவிட்டது. அந்தக் கணினியை ஃபோர்மட் செய்திருந்தால், ஒரு நாள் போயிருக்கும், வேகம் வந்திருக்காது. ஹார்ட் டிஸ்க் இன்னமும் உள்ள கணினிகளில் வேறொரு கதை: விசிறி அமைதியாக இருக்கும், டிஸ்க் மாத்திரம் நூறு சதவீதத்தில் நிற்கும். அதற்கு எஸ்எஸ்டியைத் தவிர வேறு வைத்தியம் தேடுவது வீண் என்பது என் கருத்து.

ஆகவே எதையும் தொடுவதற்கு முன் அளப்பது என்று முடிவு செய்தேன். கொப்பியொன்றை எடுத்து, ஒரு பக்கத்தில் கோடு கீறி, அறையின் வெப்பநிலை, வேலையின்றி இருக்கும்போது புரோசசரின் வெப்பநிலை, வேலையின்போது வெப்பநிலை, வேலையின்போது வேகம், வேலை முடிய எடுத்த நேரம் என்று எழுதினேன். சோதனை வேலையாக ஒரே வர்த்தமானியின் 40 பக்கங்களை எழுத்துணரியில் இடுவதென்று வைத்துக்கொண்டேன். அந்த மென்பொருள் புரோசசரை முழுமையாகப் பிழியும், ஒவ்வொரு முறையும் ஒரே அளவு வேலையைக் கேட்கும். வெப்பநிலையைப் பார்க்க எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளை இறக்கினேன். வேகத்தைப் பார்க்க விண்டோஸின் டாஸ்க் மனேஜரே போதும். கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திறக்கும்.

முதல் அளவீடு இப்படி இருந்தது: அறை 31 பாகை, சும்மா இருக்கும்போது புரோசசர் 68 பாகை, எழுத்துணரி தொடங்கிப் பத்து விநாடிக்குள் 99 பாகை, வேகம் 1.2 கிகாஹேர்ட்ஸ், 40 பக்கங்களுக்கு 15 நிமிடம்.

இந்த இலக்கங்களைப் புரிந்துகொள்வதற்குப் புரோசசரைப் பற்றிச் சிறிது தெரிந்திருக்க வேண்டும். 8250யூவின் அடிப்படை வேகம் 1.6 கிகாஹேர்ட்ஸ், தேவைப்படும்போது தற்காலிகமாக 3.4 வரை ஏறும். வேலை இல்லாதபோது 0.8 வரை இறங்குவது வழமையானது, அதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. வேலை தொடங்கி ஏறத்தாழ அரை நிமிடம் உச்சத்தில் ஓடிவிட்டுப் பிறகு இரண்டரைக்கு அருகில் இறங்குவதும் வடிவமைப்பின்படியே நடப்பது. 15 வோட் என்ற மின்வரம்புக்குள் நிற்க அது அப்படிச் செய்கிறது. ஆனால் முழு வேலையின் நடுவே அடிப்படை வேகத்துக்கும் கீழே 1.2க்குப் போவது வேறு விடயம். இந்தப் புரோசசரின் வெப்ப எல்லை 100 பாகை. அந்த எல்லையை நெருங்கும்போது, எரிந்துபோகாமல் இருப்பதற்காக அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. எச்டபிள்யூஇன்ஃபோவில், புரோசசருக்குள் கணக்கிடும் அலகான ஒவ்வொரு கோருக்கும் எதிரே, வெப்பத்தால் வேகம் குறைக்கப்பட்டதா என்ற வரிக்கு "ஆம்" என்று சிவப்பில் காட்டியது. கணினி கிழடாகிவிடவில்லை, அதற்கு வேர்த்துக் கொட்டியது.

அதே இரவு, கணினியைப் படுக்கையறைக்குக் கொண்டுபோய்க் குளிரூட்டியை 24இல் வைத்து, ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் அளந்தேன். சும்மா இருக்கும்போது 68 ஆக இருந்தது 61 ஆகியது. அறை ஏழு பாகை குறைய, புரோசசரும் ஏறக்குறைய ஏழு பாகை குறைந்தது. விசிறியால் செய்யக்கூடியது சூட்டை அறைக் காற்றுக்குக் கைமாற்றுவது மாத்திரமே. அறைக் காற்றைவிடக் குளிராக எதையும் அதனால் ஆக்க முடியாது. பகலில் 30 பாகைக்குக் குறையாத ஒரு நகரில், நுவரெலியாவில் இருப்பவருடைய கணினியைவிட என்னுடைய கணினி எப்போதும் ஒரு படி பின்னுக்கிருந்தே ஓட்டத்தைத் தொடங்குகிறது. குளிரூட்டியைப் போட்டு வேலை செய்வது ஒரு தீர்வுதான்; மின்கட்டணப் பட்டியலைப் பார்த்த பின் அதைத் தீர்வென்று அழைக்க மனம் வரவில்லை.

மறுநாள் காலையில், கணினி சும்மா இருக்கும்போதே ஏன் 68 என்ற கேள்வியைக் கையில் எடுத்தேன். எல்லா மென்பொருள்களையும் மூடிவிட்டு டாஸ்க் மனேஜரைப் பார்த்தால், புரோசசர் பயன்பாடு 12, 13, மீண்டும் 12 என்று ஒரே இடத்தில் நின்றது. பார்வைக்குச் சிறிய எண். நானும் முதலில் அதைக் கடந்துபோய்விட்டேன். பிறகுதான் உறைத்தது: இந்தப் புரோசசரில் நான்கு கோர்கள், ஒவ்வொன்றும் ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைக் கொண்டுசெல்வதால் எட்டு இழைகள். நூறை எட்டால் வகுத்தால் பன்னிரண்டரை. அதாவது ஏதோவொரு மென்பொருள் ஓர் இழையை முழுமையாகப் பிடித்துக்கொண்டு, ஓயாமல் ஒரே வட்டத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓர் இழை மட்டும் வேலை செய்யும்போது புரோசசர் அதை உச்ச வேகத்தில், கூடிய மின்னழுத்தத்தில் ஓட்டும். அதனால்தான் பன்னிரண்டு சதவீதத்துக்கே விசிறி அலறியது. எட்டு இழைகள் உள்ள கணினியில் இந்த எண் அசையாமல் நின்றால் சந்தேகப்படுங்கள். நான்கு இழைகள் என்றால் அது 25 ஆக இருக்கும்.

குற்றவாளி ஓர் அச்சுப்பொறியின் துணை மென்பொருள். அந்த அச்சுப்பொறியை நாங்கள் விற்று இரண்டு வருடமாகிறது. அது போன திசை தெரியாமல், இந்த மென்பொருள் வீட்டு வைஃபையில் அதைத் தேடிக்கொண்டே இருந்திருக்கிறது. சற்று இரக்கமாகவும் இருந்தது. அதை நீக்கிவிட்டு, கணினி தொடங்கும்போதே தாமும் எழுந்துகொள்ளும் வேறு ஆறு மென்பொருள்களையும் நிறுத்தினேன். சும்மா இருக்கும்போது வெப்பநிலை 59க்கு இறங்கியது. அம்மா கேட்ட அந்தக் காரணமில்லாத இரைச்சல் அத்துடன் நின்றது. ஆனால் வர்த்தமானிச் சோதனையில் 15 நிமிடம் 14 ஆகக் குறைந்ததே தவிர வேறு மாற்றமில்லை. வெப்பம் அதே 99. தங்கை மகனின் ஃபோர்மட் யோசனையும் இங்கே வரைக்கும்தான் கொண்டுவந்து விட்டிருக்கும் என்பதை அவனிடம் சொல்லவேண்டியிருந்தது; சொன்னேன்.

இனி மூடியைத் திறப்பதைத் தவிர வழியில்லை. ஒரு நண்பர், வாகனச் சேர்விஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய் டயருக்குக் காற்றடிக்கும் குழாயால் வெளியிலிருந்தே ஊதிவிடச் சொன்னார். செய்யாதீர்கள். அந்தக் காற்றில் நீரும் எண்ணெயும் கலந்து வரும். அமுக்கமும் அளவுக்கு மிஞ்சியது. வெளியிலிருந்து ஊதினால் தூசி உள்ளேதான் போகும் என்பது அதைவிட முக்கியமான காரணம்.

திறப்பதற்குச் சிறிய ஸ்குரூ டிரைவர் ஒன்றும், பழைய வங்கி அட்டை ஒன்றும் போதுமாக இருந்தன. ஒரு கடதாசியில் கணினியின் அடிப்பக்கத்தை வரைந்து, கழற்றிய ஒவ்வொரு திருகாணியையும் அதன் இடத்திலேயே ஒட்டுநாடாவால் ஒட்டிவைத்தேன். அவற்றின் நீளங்கள் வேறு வேறு, நீளமானதைக் குட்டையான இடத்தில் முறுக்கினால் மேற்தளத்தையே துளைத்துவிடும். இரண்டு திருகாணிகள் இறப்பர்ப் பட்டிக்குக் கீழே ஒளிந்திருந்தன. மூடியைப் பிரிக்கும்போது பிளாஸ்டிக் கொளுக்கிகள் எழுப்பும் ஒலி, எதையோ முறித்துவிட்டோம் என்றே தோன்றச் செய்யும். உள்ளே முதலில் செய்யவேண்டியது மின்கலத்தின் இணைப்பைக் கழற்றுவது. அத்துடன் மின்கலம் ஊதியிருக்கிறதா என்றும் பார்த்தேன். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்த காலத்தில், இந்த மின்கலம் பட்ட பாடு கொஞ்சமல்ல. நல்லவேளையாக அது தட்டையாகவே இருந்தது. டச்பாட் மேலே தள்ளிக்கொண்டு நிற்கும் கணினியாக இருந்தால் மின்கலம் வீங்கியிருக்கக்கூடும். அதைக் குத்தாமல், நெம்பாமல், திருத்துபவரிடம் கொடுத்துவிடுவதே நல்லது.

வெப்பம் போகும் வழியை அப்போதுதான் கண்ணால் கண்டேன். புரோசசரின் மீது ஒரு செப்புத் தகடு. அதிலிருந்து தட்டையான செப்புக் குழாயொன்று விசிறியின் வாய்வரை வளைந்து செல்கிறது. குழாய் வெறும் உலோகமல்ல. உள்ளே காற்றை வெளியேற்றிவிட்டுச் சிறிதளவு நீரை வைத்து மூடியிருப்பார்கள். சூடான முனையில் அந்த நீர் ஆவியாகி, மறு முனைக்குப் போய்க் குளிர்ந்து, குழாயின் உட்சுவரில் உள்ள நுண்துளைகள் வழியே திரும்பி ஊர்ந்து வருகிறது. அந்த மறு முனையில் சீப்புப் பல்லைப் போல நெருக்கமாக அடுக்கிய மெல்லிய தகடுகள் இருக்கின்றன. விசிறி அவற்றின் ஊடாகக் காற்றைத் தள்ளி வெளியேற்ற வேண்டும்.

என்னுடைய கணினியில் விசிறிக்கும் அந்தச் சீப்புக்கும் இடையே ஒரு கம்பளம் கிடந்தது. மிகைப்படுத்தவில்லை, சாம்பல் நிறத்தில், என் சுட்டுவிரலின் நீளத்துக்கு, நெய்தெடுத்ததைப் போன்ற ஒரு துண்டு. தூசியும் பஞ்சும் தலைமுடியும் சேர்ந்து அமுங்கி, இடுக்கியால் பிடித்து இழுத்தபோது ஒரே துண்டாக வந்தது. யன்னல் கம்பிகளை ஆண்டுதோறும் துருப்பிடிக்க வைக்கும் அதே உப்புக்காற்று இந்தத் தூசியையும் ஈரப்பதமாக்கி ஒட்டவைத்திருக்க வேண்டும். தகடுகளின் ஓரத்தில் பச்சையாகக் களிம்பும் பிடித்திருந்தது. வெளித்துளை வழியாகப் பார்த்தால் இந்தக் கம்பளம் தெரியாது, ஏனெனில் அது தகடுகளின் உட்பக்கத்தில் இருக்கிறது. நானா துளையில் கைவைத்துக் காற்று வரவில்லை என்றாரே, அதற்கு இதுதான் விளக்கம். விசிறி முழுமூச்சாகச் சுற்றியது. காற்று போக இடமில்லை.

மிச்சத் தூசியை மென்மையான தூரிகையாலும், புகைப்படக் கருவிக்குப் பயன்படுத்தும் இறப்பர் ஊதியாலும் எடுத்தேன். ஊதும்போது விசிறியின் இதழை ஒரு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காவிட்டால் அது தாறுமாறாகச் சுழன்று, அச்சுத் தேய்ந்துவிடும், சில வேளை அதுவே மின்னைப் பிறப்பித்துப் பலகைக்குள் அனுப்பிவிடவும் கூடும்.

திறந்தது திறந்தாயிற்று என்று வெப்பப் பசையையும் மாற்றினேன். புரோசசரின் மேற்பரப்பும் செப்புத் தகடும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும், இடையே நுண்ணிய காற்றிடைவெளிகள் இருக்கும்; காற்றினூடே வெப்பம் சரியாகக் கடக்காது. அந்த இடைவெளிகளை நிரப்பவே பசை. என்னுடையது காய்ந்து, வெடித்த சுண்ணாம்பைப் போலிருந்தது. துடைப்பதற்கு மருந்துக்கடையில் விற்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் சரிவராது. அதில் நீரும் சில வேளைகளில் எண்ணெய்ப் பொருளும் கலந்திருக்கும். 99 சதவீத ஐசோபுரோப்பைல் அற்ககோலும் ஆர்க்டிக் எம்எக்ஸ்-4 பசையும் தேடி, புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு வெயில் முழுவதும் நடந்தேன். மின்னணுப் பொருட்களுக்குக் கொழும்பில் வேறெங்கு போவது? செப்புத் தகட்டின் திருகாணிகளுக்கு அருகே 1, 2, 3, 4 என்று பொறித்திருப்பார்கள். அந்த ஒழுங்கில்தான் சிறிது சிறிதாக முறுக்க வேண்டும். பசை ஒரு பயறு அளவுக்கு மேல் வேண்டாம். மேசைக் கணினியின் புரோசசருக்கு உலோக மூடி இருக்கும். மடிக்கணினியில் சிலிக்கன் சில்லே வெறுமையாக வெளியே தெரியும். ஆகையால் அதன் மூலைகள்வரை பசை மெல்லியதாகப் பரவியிருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

எல்லாவற்றையும் பூட்டி, பெருமையோடு இயக்கினேன். விசிறி இயங்கவில்லை என்று கறுப்புத் திரையில் ஓர் அறிவித்தல் வந்து நின்றது. விசிறியின் நாற்கம்பி இணைப்பைச் செருக மறந்திருந்தேன். மறுபடி பத்துத் திருகாணிகள். அந்த நேரத்தில் அம்மா தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போனது அவருடைய பெருந்தன்மை.

இரண்டாம் முறை எல்லாம் சரியாக வந்தது. அதே 31 பாகை அறையில், உச்ச வெப்பநிலை 91, வேகம் 2.3, வர்த்தமானிக்கு 8 நிமிடம். தூசி எடுத்ததையும் பசை மாற்றியதையும் ஒரே தடவையில் செய்துவிட்டதால், எதற்கு எவ்வளவு பங்கென்று என் கொப்பியால் சொல்ல முடியவில்லை. ஒவ்வொன்றாக மாற்றி அளப்பதென்று எடுத்த முடிவை நானே மீறிய இடம் அது. கம்பளத்தின் தடிப்பை நினைத்தால், பெரும்பங்கு அதற்குத்தான் என்பது என் ஊகம்.

கணினியைக் கவிழ்த்து வைத்திருந்தபோது கண்ணில் பட்ட இன்னொன்று, நான் எதிர்பாராதது. அடிப்பக்கத்தில் நான்கு மூலைகளிலும் இருக்கவேண்டிய இறப்பர்க் கால்களில் பின்னாலிருந்த இரண்டைக் காணவில்லை. சூட்டில் பசை இளகி அவை எப்போதோ கழன்று விழுந்திருக்கின்றன. விசிறி காற்றை உறிஞ்சுவது அடிமூடியிலுள்ள சல்லடை வழியாக; அந்தக் கால்கள் தரும் சில மில்லிமீற்றர் இடைவெளிதான் அதற்கான வாசல். கால்கள் போனதும் சல்லடை மேசையோடு ஒட்டிவிட்டது. மேசையில் வேறு, அம்மா பின்னிய நூல் விரிப்பு ஒன்று எப்போதும் கிடக்கும். முன்வாசலில் விரிப்பு, பின்வாசலில் கம்பளம். நடுவில் நின்று அந்த விசிறி எத்தனை காலம் அலறியதோ.

விரிப்பை எடுத்துவிட்டு, நான்கு சோடாப் போத்தல் மூடிகளை மூலைகளுக்குக் கீழே வைத்து அளந்தேன். உச்சம் 91இலிருந்து 86, வேகம் இரண்டரை, நேரம் 7 நிமிடம். இந்த முழு முயற்சியிலும் காசு செலவாகாமல் கிடைத்த ஐந்து பாகை அது. விசிறியுள்ள கூலிங் பாட் வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள், முதலில் நான்கு மூடிகளை வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

காற்றின் இரைச்சல் இத்துடன் பெரும்பாலும் அடங்கியது. அடங்கிய பின்தான் அதற்குக் கீழே மறைந்திருந்த வேறொரு சத்தம் கேட்கத் தொடங்கியது: கற்களைத் தகரத்தில் உருட்டுவதைப் போன்ற ஒரு கடகடப்பு, கணினியைச் சற்றுச் சரித்தால் மாறுவது. காற்றின் இரைச்சல் விசிறி கடினமாக உழைப்பதைச் சொல்கிறது. இந்தக் கடகடப்பு அதன் அச்சு தேய்ந்துவிட்டதைச் சொல்கிறது. தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு விடலாம் என்று பலர் சொன்னார்கள். விட்டேன், நான்கு நாட்கள் அமைதி, ஐந்தாம் நாள் மறுபடி கடகடப்பு. கடைசியில் விசிறியின் மீது ஒட்டியிருந்த வில்லையிலுள்ள பாக இலக்கத்தைப் படமெடுத்துக்கொண்டு யூனிட்டி பிளாசாவுக்குப் போனேன். மடிக்கணினியின் மாதிரிப் பெயரைச் சொல்லி விசிறி வாங்கக் கூடாது. ஒரே பெயரில் வந்த கணினிகளிலேயே இரண்டு மூன்று விதமான விசிறிகள் இருக்கும். பெரும்பாலானவை 5 வோல்ற்றில் ஓடுபவை என்றாலும், திருகாணித் துளைகளும் கம்பி இணைப்பும் பொருந்த வேண்டும். நானா தன் இழுப்பறையிலிருந்து ஒன்றை எடுத்துத் தந்தார். நாலாயிரம் ரூபாவுக்குச் சற்றுக் கூட. என் கொப்பியை வாங்கிப் பார்த்துவிட்டு, "இவ்வளவும் எழுதிக்கிட்டா வந்தீங்க?" என்று சிரித்தார். புதிய விசிறியால் வெப்பநிலையில் மாற்றம் எதுவும் இல்லை. சத்தம் மாத்திரம் போனது.

இன்னும் இரண்டு சிறு மாற்றங்கள் செய்தேன். மூடியைத் திறந்தபோது நினைவகத்துக்கு ஒரு வெற்றிடம் இருப்பதைக் கண்டதால், 8 ஜிபி டிடிஆர்4 ஒன்றைச் சேர்த்தேன். உலாவியில் பல தாவல்களைத் திறந்துவைத்து வேலை செய்யும் என் கெட்ட பழக்கத்துக்கு அது தேவைப்பட்டது. மற்றையது, மின் அமைப்புகளில் புரோசசரின் உச்ச நிலையை 100இலிருந்து 99 ஆக்குவது. ஒரு சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் அந்த ஒன்றைக் குறைத்தவுடன் புரோசசர் அடிப்படை வேகத்துக்கு மேலே ஏறுவதையே நிறுத்திவிடுகிறது. தட்டச்சுக்கும் சூம் கூட்டங்களுக்கும் 1.6 தாராளமாகப் போதும். வெப்பநிலை 60ஐத் தாண்டுவது அரிது, விசிறி இருக்கிறதா என்றே சந்தேகம் வரும். வர்த்தமானி வரும் நாட்களில் மீண்டும் 100க்கு மாற்றிக்கொள்கிறேன். இதை நோய்க்கு மருந்தாக முதல் நாளே செய்திருந்தால், கம்பளம் உள்ளேயே கிடந்திருக்கும். அமைதியான, மெதுவான ஒரு கணினியோடு இன்னும் இரண்டு வருடம் ஓட்டியிருப்பேன்.

இறப்பர்க் கால்களுக்கு இணையத்தில் சொல்லிவைத்து மூன்று வாரமாகிறது, இன்னமும் வரவில்லை. சோடா மூடிகள்தான் இப்போதைக்குக் கால்கள். இரட்டைப்பக்க ஒட்டுநாடாவால் ஒட்டியிருக்கிறேன். சூட்டில் அதுவும் இளகி, வாரத்துக்கு ஒரு மூடியாவது மேசைக்குக் கீழே உருண்டுபோகிறது. அம்மா அதைக் கண்டெடுத்துக் குப்பையில் போடுவார், நான் இன்னொரு போத்தலைத் திறப்பேன்.